நூற்றில் முளைத்தது முப்பத்தொன்று

மகனே,

இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று முதல் வரியில் போடுவது நம் வீட்டுப் பழக்கம். இந்த முறை போடவில்லை. இங்கே எல்லோரும் சுகமாக இல்லை. இந்தக் கடிதத்தை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். உன்னோடு அந்த அறையில் தங்கியிருக்கும் நாலு பேருக்கும் உரக்கவே படித்துக் காட்டு. ஜூன் மாதம் என் பிள்ளைகள் மலை மேல் போர்டிங் பள்ளியில் சேரப்போகிறார்கள் என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாய். அது நடக்கப்போவதில்லை. ஏன் நடக்கப்போவதில்லை என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அவர்களுக்கும் ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களும் உன்னைப் போலக் கடல் தாண்டி இரண்டாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மாசியில் நீ உன் பெண்டாட்டி செல்வராணிக்கு ஒரு கடிதம் எழுதினாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதை அவள் எனக்குக் காட்டவில்லை. காட்டுகிற பெண் இல்லை அவள், உனக்கே தெரியும். வாசுகி எடுத்துப் படித்திருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை, எழுத்துக்கூட்டாமல் படிக்கிறது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொள். படித்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "தாத்தா, எறும்பு எண்ணுறது தப்பா?" என்று கேட்டாள். ஏன் என்றேன். "நான் வெயில்ல வேகுறது எம்பிள்ளைக மண்ணுல புரண்டு எறும்பு எண்ணுறதுக்கான்னு அப்பா எழுதியிருக்காரு" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் பாதி உன் மேல். மீதிப் பாதி யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஆனி மாதம் சின்னவன் குமரனுக்குச் சளியும் மாலைக் காய்ச்சலும் விடாமல் இருந்து, படம் எடுத்துப் பார்த்து, டாக்டர் பிரைமரி காம்ப்ளெக்ஸ், சின்னப்பிள்ளைகளுக்கு வருகிற காசநோய் என்று சொன்னதை உனக்கு எழுதினேன். ஒன்பது மாதம் மாத்திரை, சத்தான சாப்பாடு, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும், இந்த வருடம் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். மருந்து ஆரம்பித்துவிட்டதால் மற்றப் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாதியைக் காதில் வாங்கவே இல்லை. பையனோடு சேர்த்து வாசுகியையும் நிறுத்தினார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மற்றப் பெற்றோர்கள் பேசுவார்கள் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். தொழிலில் நானும் ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஆனால் உட்காரச் சொல்லி, ஒரு சோடா கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே "இதையும் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன அந்த வாயை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்படித்தான் இரண்டும் வீட்டில் உட்கார்ந்தன. உட்கார்ந்தன என்பது தப்பு, உட்காரவே இல்லை. செல்வராணி பி.யூ.சி. வரைக்கும் படித்தவள். அந்தப் படிப்பை இந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. புத்தகத்தைப் பிரித்துவைத்து உட்கார்த்திப் பார்த்தாள். நோய்க்காரப் பிள்ளை அரை மணி நேரத்தில் துவண்டுவிடும், பெரியவள் அழுவாள். பத்து நாள் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். மறுநாள் காலையில் மொட்டைமாடி நடுவில் ஒரு கம்பை நட்டுவைத்து, மணிக்கு ஒரு தடவை அதன் நிழல் எங்கே விழுகிறது என்று கரிக்கட்டியால் கோடு போடச் சொன்னாள். சாயங்காலம் பார்த்தால் மாடித்தரை முழுக்க விசிறி மாதிரிக் கோடுகள். குமரன் அதில் மணி பார்க்கப் படித்துக்கொண்டான். அதன் பிறகு எதற்கு எடுத்தாலும் இதே வழிதான். காலி மருந்து பாட்டிலில் ஒட்டுத்தாள் ஒட்டி அடிக்கோலால் கோடு கிழித்து மழையை அளந்தார்கள். வேப்பிலை, முருங்கை இலை, பூவரச இலை என்று கொண்டுவந்து ஓரம் பல்லாக இருப்பது ஒரு கட்டு, வழுவழுப்பாக இருப்பது ஒரு கட்டு என்று பிரித்தார்கள். வெல்லம், சீனி, உப்பு மூன்றையும் தனித்தனிச் சிரட்டையில் வைத்து எறும்பு முதலில் எதற்குப் போகிறது, பத்து நிமிடத்தில் எத்தனை போகிறது என்று எண்ணினார்கள். நீ திட்டி எழுதிய எறும்பு அதுதான். எருக்கஞ்செடியிலிருந்து புழுவோடு கிளையை ஒடித்துவந்து, என் பழைய கொசுவலையைக் கிழித்துக் கூண்டு கட்டி, அது கூடாகி, பட்டாம்பூச்சியாகி வெளியே வருகிறவரைக்கும் தினமும் ஒரு படம் வரைந்தார்கள். வில்லாபுரம் கண்மாயில் தண்ணீர் நின்ற நாட்களில் கரையில் போய் உட்கார்ந்து எத்தனை வகைக் கொக்கு என்று எழுதினார்கள். திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப்போனாள். சாமி கும்பிட்டுவிட்டு வராமல், மலைப்பாறையில் வெயில் பட்ட பக்கமும் படாத பக்கமும் கை வைத்துப் பார்க்கச் சொல்லி அரை நாளை ஓட்டிவிட்டு வந்தாள்.

நான் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. சாப்பிடும்போது, "என்னம்மா, இன்னைக்கு எந்தப் பூச்சிக்குக் கல்யாணம்?" என்று கேட்பேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். குமரன்தான் சொல்வான்: "பூச்சிக்குக் கல்யாணம் இல்ல தாத்தா, தோல் உரிக்குது." ஆறு வயது. எனக்கு அது படிப்பாகவே தெரியவில்லை. படிப்பு என்றால் சீருடை, ஷூ, ரிக்ஷா, மாதம் பிறந்தால் பீஸ் என்றுதான் எனக்கும் தெரியும். உன்னையும் அப்படித்தானே வளர்த்தேன்.

உன்னை வளர்த்த கதையில் ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். நீ ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு லீவு நாளில் நான் சாப்பிடப் போன நேரம் கடையில் உன்னை உட்காரவைத்துவிட்டுப் போனேன். ஒருவர் வந்து மிளகாய் விதை கேட்டார். நீ கத்தரி விதையை அளந்து போட்டுவிட்டாய். இரண்டும் பார்க்க ஒன்று போல மஞ்சளாகத் தட்டையாக இருக்கும், பழகினவனுக்குத்தான் தெரியும். நல்லவேளை, அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் முன்னாலேயே உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் நீ செடிகளைப் பற்றிய பாடத்தில் வகுப்பில் முதல் மார்க் வாங்கியிருந்தாய். வேர் என்ன செய்யும், இலை என்ன செய்யும் என்று இங்கிலீஷில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாய். விதை தெரியாத விதைக்கடைக்காரன் மகன் என்று அன்று உன்னைத் திட்டினேன். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், அந்த அறை எனக்கு விழுந்திருக்க வேண்டியது. நான் சைக்கிளில் கீரை விதைப் பையைக் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகத் திரிந்தவன், என் பிள்ளை சாக்கைத் தொடக் கூடாது, கையில் தூசி படக் கூடாது என்று உன்னைக் கடைப்படி ஏறவிடாமல் வைத்திருந்தேன். தொடாத விதை எப்படித் தெரியும்? நீ இன்று பிள்ளைகள் கையில் மண் பட்டால் பதறுகிறாயே, அது என்னிடமிருந்து உனக்கு வந்த பதற்றம். அதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துத் தொலைக்காதே.

இனி வருவதுதான் எனக்கு எழுதக் கூசுகிற இடம். கடை சின்னதாக இருந்த காலத்தில், வந்த சரக்கு எதுவானாலும் முளைப்பு பார்க்காமல் ஒரு படி விற்க மாட்டேன். சாக்குத் துணியை நனைத்து, நூறு விதையை எண்ணி வரிசையாகப் பரப்பி, சுருட்டி மூலையில் வைத்துவிடுவது. நாலாம் நாள் பிரித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணுவது. எண்பதுக்குக் கீழே இருந்தால் அது விதை இல்லை, மாட்டுக்கும் கோழிக்கும் போகிற தானியம். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கடை, பின்னால் ஒரு கொட்டகை என்று வந்தேன். வந்த பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். என் கடைச் சரக்கு என்றால் நல்லது என்று ஊரே சொல்கிறது, அதை நானும் நம்பிவிட்டேன். கோடையில் இடம் போதாமல் விதைச் சோளத்தைப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுக்கினேன். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் அந்தத் தகரத்துக்கு அடியில் கிடந்தது, அதன் பிறகும் அங்கேயே விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை செல்வராணி பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துவந்தாள். விதை முளைப்பதைப் பார்க்கப் போகிறோம், சோளம் கொஞ்சம் வேண்டும் என்று வாசுகி கேட்டாள். எந்தச் சாக்கில் வேண்டுமானாலும் அள்ளிக்கொள் என்றேன். அவள் கடை முன்னால் இருந்த புதுச் சாக்கில் ஒரு பொட்டலம், தகரக் கொட்டகைச் சாக்கில் ஒரு பொட்டலம் எடுத்து, எது எது என்று மேலே பென்சிலால் எழுதிக்கொண்டாள். சின்னவன் என்ன செய்தான் தெரியுமா? தினமும் அவனுக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறான். அதைக் கொட்டகைச் சாக்குக்குள் செருகிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "தாத்தா, சாக்குக்கு நூத்தி நாலு காய்ச்சல்" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்குக்கு ஒரு மாத்திரை கொடுடா என்றேன்.

வீட்டில் நனைத்த சாக்குத் துணியில் நூறு நூறாகப் பரப்பினார்கள். இது என் பழைய வழக்கம் என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்த வழியில் செய்தாள். நாலாம் நாள் எண்ணி, நம் கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு, முளைத்ததற்குப் பச்சை, முளைக்காததற்கு மண் நிறம் என்று வண்ணம் அடித்தார்கள். முன் சாக்கு எண்பத்தெட்டு. தகரக் கொட்டகைச் சாக்கு முப்பத்தொன்று. அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டியும் விட்டார்கள். நான் கடைக்குப் போகிற அவசரத்தில் அதைப் பார்க்கவே இல்லை.

முத்தையா பார்த்தார். திருமங்கலத்துக்கு மேற்கே கரிசலில் மானாவாரி வெள்ளாமை செய்கிறவர், இருபது வருடமாக வேறு கடை ஏறாதவர். முந்தின நாள்தான் கடையில் ஒரு மூட்டை விதைச் சோளம் எடுத்திருந்தார். ராத்திரி இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். இது என்ன தாயி என்று சுவரைக் காட்டிக் கேட்டார். அவ்வளவுதான், வாசுகி ஒவ்வொரு கட்டமாக விளக்க ஆரம்பித்துவிட்டாள். இது முன் சாக்கு, இது பின் சாக்கு, இது முளைச்சது, இது செத்தது. சின்னவன் பக்கத்தில் நின்று சாக்குக்குக் காய்ச்சல் அடித்த கதையையும் சொன்னான். முத்தையா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, நேத்து எனக்கு எந்தச் சாக்குலேர்ந்து போட்டுவிட்டீக?"

"சின்னப்பிள்ளைக விளையாட்ட வச்சு என்னையச் சந்தேகப்படுறியா முத்தையா?"

"சந்தேகம் இல்லண்ணே. மழை ஒரு தடவதான் வரும். அதான் கேட்டேன்."

பின் சாக்குதான், எனக்குத் தெரியும். அவர் எழுந்து, வாரேண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுகிறவரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு அந்தத் தாளைச் சுவரோடு இழுத்துக் கிழித்தேன். முளைத்த துணியைக் காலால் எற்றினேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த உன் பெண்டாட்டியைப் பார்த்து, "படிக்கவைக்கச் சொன்னா எங்கடைக்குக் குழி வெட்டுறியா?" என்று கத்தினேன். பிள்ளைகள் இரண்டும் கதவுக்குப் பின்னால் நின்றன. நாற்பது வருடம் சம்பாதித்த பெயரை நான் தகரக் கொட்டகையில் போட்டு வேகவைத்தேன், பழி அதை எண்ணிச் சொன்ன பிள்ளைகள் மேல். அன்று மத்தியானமே உனக்குக் கடிதம் எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? உன் பெண்டாட்டி பிள்ளைகளை மண்ணிலும் புழுவிலும் விட்டுக் கெடுக்கிறாள், பையன் உடம்பு இன்னும் மோசமாகும், பேசாமல் இரண்டையும் ஒரு நல்ல போர்டிங்கில் தள்ளிவிடு என்று. பையன் உடம்பு தேறிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன்.

கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு, பிள்ளைகள் எண்ணத் தெரியாமல் எண்ணிவிட்டார்கள் என்று நிரூபிக்க, கடையில் நானே துணியை நனைத்து நூறு விதை பரப்பினேன். நாலாம் நாள் பிரித்தேன். இருபத்தொன்பது. இரண்டு முறை எண்ணினேன், இருபத்தொன்பதுதான். பிள்ளைகள் கணக்கைவிட இரண்டு குறைவு. வெகுநாள் கழித்து வாசுகியிடம் கேட்டேன். "ரெண்டு லேசா வாயத் திறந்துச்சு, அம்புட்டுத்தான். தாத்தா பாவம்னு குமரன் சேத்துட்டான்" என்றாள். மறுநாளே முதல் பஸ் பிடித்தேன். அந்தச் சாக்குகளில் வாங்கினவர்கள் மூன்று பேர். முத்தையா மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தார், புது விதையை மாற்றிக் கொடுத்தேன். இன்னொருவரும் விதைக்கவில்லை. மூன்றாமவர் இரண்டு நாள் முன்பு பெய்த மழையை நம்பி விதைத்துவிட்டார். நான் வேறு விதை கொண்டுபோய் இறக்கினேன். அதற்குப் பிறகு அங்கே ஏற்ற மழை விழவில்லை. அவர் நிலத்தில் அந்த வருடம் சோளம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றது. அதை நான் போய்ப் பார்த்தேன். எந்த விதையைக் கொடுத்தாலும் அந்தப் புரட்டாசியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

விதையை மாற்ற ஓடினவன், உனக்கு எழுதியதை மாற்றினேனா? இல்லை. அதுதான் என் தப்பில் பெரிய தப்பு. இன்று எழுதுவோம், நாளை எழுதுவோம் என்று இருந்தேன். கார்த்திகையில் உன் பதில் வந்தது: அப்பா சொன்னதுதான் சரி, போர்டிங்கில் சேர்த்துவிடுவோம், அதற்கு வேண்டியதை அனுப்புகிறேன் என்று. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. மலைப் பள்ளிக்கூடம், தொப்பி, கோட்டு, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். இது உன் சொந்த யோசனை என்றுதான் செல்வராணி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே நினைக்கவிட்டேன். ஒரே வீட்டில், அவள் கையால் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை.

நான் கத்தியதற்கும் அவள் நிறுத்திவிடவில்லை. எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டாள், நான் கடையில் இருக்கும் நேரத்தில் நடந்தது. தையில் முத்தையா அறுப்பு முடிந்து, பிள்ளைகளுக்கு என்று ஒரு கட்டுச் சோளக் கதிர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கதிரில் எத்தனை மணி என்று இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினார்கள். பத்துப் பத்தாகக் குவித்து, பிறகு நூறு நூறாகக் குவித்து. குமரன் ஆயிரத்துக்கு மேல் எண்ணக் கற்றது அந்தக் கதிரில்தான். அடுத்த மாதம் உன் எறும்புக் கடிதம் வந்தது. அன்றோடு மாடி காலியாயிற்று. கம்பைப் பிடுங்கினாள், கூண்டைக் கழற்றினாள், கரிக்கோடுகளை எல்லாம் தேய்த்துக் கழுவினாள். அதன் பிறகு காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் புத்தகம், ஒப்பிப்பு. வீட்டில் சத்தமே இல்லை. என்னிடம் புழுக்கதை சொல்ல வருகிறவன் சுவரைப் பார்த்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். நீ விரும்பியது இதுதானே? வந்து பார்த்திருந்தால் நீயே பயந்திருப்பாய்.

பங்குனியில் நேர்முகத்துக்கு மூன்று பேரையும் மலைக்குக் கூட்டிப்போனேன். நான் நாற்பது வருடம் சரக்குப் பார்த்தவன், மேல்மூட்டையைப் பார்த்து ஏமாற மாட்டேன். முன்னால் பச்சைப்பசேலென்று புல், பூப்பாத்தி. சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பிள்ளைகள் விளையாட எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். "இங்க ஒரு பிள்ளை புல்லுல கால் வைக்காது சார், அம்புட்டு டிசிப்ளின்" என்று அங்கிருந்த குமாஸ்தா பெருமையாகச் சொன்னார், நம் ஊர்க்காரர் போலிருக்கிறது. உள்ளே ஒரு டீச்சரம்மா பட்டாம்பூச்சிப் படத்தை வைத்து, இது என்ன, அது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். வாசுகி தெரிந்த இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மீதியைத் தமிழில் சொன்னாள். புழு தோலை உரித்ததும் அந்தத் தோலையே தின்றுவிடும், அது இந்தப் படத்தில் இல்லை என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல இந்தப் பெண்ணுக்குப் பழக்கம் இல்லை என்று என்னிடம் சொன்னார். இருவரையும் ஒவ்வொரு வகுப்புக் குறைத்துத்தான் சேர்க்க முடியுமாம், இந்த ஒரு வருடம் ஒன்றுமே படிக்கவில்லையாம். நாங்கள் வெளியே வந்தபோது குமரன் தாழ்வாரத்து ஓரத்தில் எறும்பு வரிசையைப் பார்த்துக் குனிந்தான். அங்கே நின்ற ஆயா அவன் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, கீழே விழுந்த சாமானை எடுத்து நிறுத்துகிற மாதிரி. குமரன் அழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், இதுவும் தப்பா என்பது போல. செல்வராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் உத்தரவு, அதனால் நின்றாள். என் கடிதம், அதனால் நானும் நின்றேன். என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் ஆரப்பாளையத்தில் வந்து இறங்கியபோது இரண்டும் தூங்கிவிட்டன. ஆளுக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றோம். அங்கே சொன்னேன். "இது உன் புருசன் யோசனை இல்லம்மா. நான் எழுதிவிட்டது."

இரண்டு பஸ் போனது.

"எப்ப எழுதுனீக மாமா?"

"முத்தையா வந்துட்டுப் போன அன்னைக்கு."

"நீங்க எண்ணிப் பாத்தது?"

"அதுக்கு நாலு நாள் கழிச்சு."

"அப்ப ஆறு மாசமா எம்பிள்ளைக எண்ணுனது சரின்னு உங்களுக்குத் தெரியும்."

ஆமாம் என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லிட்டா முடிஞ்சிருமா? அவுகளுக்கு எழுதுங்க" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகவே எழுதுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் படிவத்தில் கார்டியன் கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது. உள்ளூரில் அதற்கு ஆள் நான் ஒருவன்தான். என் கையெழுத்து விழாது. டாக்டர் குமரனுக்கு முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நம் தெருவுக்கு அடுத்துள்ள கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் பிள்ளைகளை அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், நாலு கணக்குக் கேட்டார், அவரவர் வயதுக்குரிய வகுப்பிலேயே ஜூனில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். காலையிலும் சனி ஞாயிறும் செல்வராணி வழக்கம்போல் சொல்லிக்கொடுப்பாள், மாடி அவளுடையது. கார்ப்பரேஷன் பள்ளியா என்று உனக்கு முகம் சுளிக்கும். சுளித்துக்கொள். நான் உனக்குக் கொடுத்த ஷூவும் டையும் என்ன கற்றுக்கொடுத்தன என்று எனக்குத் தெரியும். சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்பன் கோபத்தில் எழுதியதை அப்படியே நம்பி, அவளையே திட்டக் கற்றுக்கொடுத்தன. நான் முளைப்பு பார்க்காமல் விதையை விற்றேன், நீ விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னாய். உனக்கும் எனக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கினேன். நீ ஒரே ஒரு வீட்டுக்கு எழுதினால் போதும்.

எழுதி முடித்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள். ஒரே ஓர் இடத்தை மாற்றச் சொன்னாள். "நீங்க கையெழுத்துப் போடாததுனால பிள்ளைக போகலன்னு எழுதாதீக மாமா. நாளைக்கு நீங்க மனசு மாறினா? நான் அனுப்பலன்னு எழுதுங்க." அந்த வரியை அடித்துவிட்டு எழுதவா என்று கேட்டேன். வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்றாள். அவள் கடிதம் தனி உறையில் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்குப் பதில் எழுத அவசரப்படாதே. அவளுக்கு எழுது.

உன் அப்பா